எட்டு விளக்கும் எரிந்தது, நாஸ் மட்டும் ஓடவில்லை: ஸ்ப்ளிட் பேர் கண்டுபிடித்த அனுபவம்

நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்துவைக்கும் பெட்டி) இப்போது விநாடிக்கு 112 மெகாபைட் வேகத்தில் நிற்காமல் எழுதுகிறது. பெரிய வீடியோ ஃபோல்டர் ஒன்றை முழுதாகத் தள்ளிப் பார்த்தேன். காப்பி வரைபடம் நேர்கோடாகப் போகிறது, ஓரிடத்திலும் பள்ளம் விழவில்லை. ஜிகாபிட் இணைப்பில் இதற்கு மேல் எதிர்பார்க்க எதுவும் இல்லை. இங்கே வந்து சேரும்வரை என்னை அலைக்கழித்தது டிஸ்க்கும் இல்லை, பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டும் இல்லை, ஃபைல்களைப் பகிரும் சாம்பா மென்பொருளின் செட்டிங்கும் இல்லை. சுவருக்குள் ஓடும் ஒரே ஒரு கேபிள்.

சின்ன ஃபைல்களில் எந்தத் தொல்லையும் தெரியாது. போட்டோ திறக்கும், பாட்டு ஓடும், பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) ஒன்றுகூடத் தவறாது. பெரிய காப்பியை ஆரம்பித்தால்தான் வினை. கொஞ்ச நேரம் வேகம் தள்ளாடும், அப்புறம் சட்டென்று பூஜ்யம், நெட்வொர்க் டிரைவ் காணாமல் போகும். சில விநாடிகளில் தானாகத் திரும்பி வரும், ஆனால் 11 மெகாபைட்டுக்கு மேல் ஏறாது. இந்த 11 என்ற எண்ணைப் பார்த்தாலே லிங்க் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் லினக்ஸ் கட்டளையான ஈத்டூலும் ஸ்பீட் 100 என்றே காட்டியது. கெர்னல் லாக்கில் லிங்க் டவுன், அடுத்த வரியில் 100-இல் லிங்க் அப்.

சாஃப்ட்வேர் பக்கம் சந்தேகப்படக்கூடியவற்றை வரிசையாகத் தள்ளிவைத்தேன். ஜம்போ ஃபிரேம் (வழக்கத்தைவிடப் பெரிய தரவுப் பாக்கெட்) எங்கும் இல்லை, எல்லாச் சாதனத்திலும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500-தான். துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 1472 பைட் பிங் அனுப்பினால் சுத்தமாகப் போகிறது (ஹெடர் 28 பைட் சேர்ந்தால் சரியாக 1500). ஐபி மோதலும் இல்லை, ரவுட்டரில் நாஸுக்கு முகவரி ரிசர்வ் செய்திருக்கிறது. மின்சாரம் சேமிக்கும் ஈ.ஈ.ஈ. வசதியை அணைத்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. பலரும் சொல்லும் ஒரு வைத்தியத்தை மட்டும் நான் தொடவே இல்லை: ஆட்டோ நெகோஷியேஷனை (இரு முனையும் வேகத்தைத் தாங்களே பேசி முடிவுசெய்வது) அணைத்து வேகத்தைக் கட்டாயமாக நிர்ணயிப்பது. செம்புக் கேபிளில் ஓடும் ஜிகாபிட்டுக்கு அந்தப் பேச்சுவார்த்தை கட்டாயம். ஒரு முனையில் மட்டும் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு திசையும் ஒரே நேரத்தில்) என்று பூட்டினால் மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) போய்விடும், அதன்பிறகு வரும் குழப்பத்தில் அசல் நோய் கண்ணுக்கே தெரியாது. இந்த யோசனையைத் தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வழி காட்டியது ஐபெர்ஃப்3. டிஸ்க்கையும் சாம்பாவையும் விட்டுவிட்டு வெறும் நெட்வொர்க்கை மட்டும் அளக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. 940 மெகாபிட் வரவேண்டிய இடத்தில் பாதிகூட வரவில்லை. அதைவிட முக்கியம், மறு-அனுப்பல் எண்ணிக்கை காட்டும் கட்டத்தில் ஒவ்வொரு விநாடியும் நூற்றுக்கணக்கில் எண்கள். ஆரோக்கியமான வீட்டு நெட்வொர்க்கில் அந்தக் கட்டம் பூஜ்யத்தை ஒட்டித்தான் கிடக்கும். உடனே நாஸில் ஈத்டூல் புள்ளிவிவரத்தைத் திறந்தால், சிஆர்சி எரர் (வழியில் கெட்டுப்போன ஃபிரேம்களின் கணக்கு) எண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறுகிறது.

இந்த சிஆர்சி எண்ணை நாஸ் வைத்திருக்கிற எல்லோரும் ஒருமுறை பார்த்துவைக்க வேண்டும் என்பேன். வரும் ஃபிரேம் வழியில் கெட்டுப்போயிருந்தால் கார்டு அதைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். டிசிபி (தரவு முழுதாகச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறை) மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். அதனால் ஃபைல் கெடாது, எரர் மெசேஜும் வராது, வேகம் மட்டும் உருகிப்போகும். இன்னொன்று, பெறும் முனைதான் இந்தப் பிழையை எண்ணுகிறது. நாஸிலிருந்து படிக்கும்போது வரும் பிழையை நாஸில் தேடினால் கிடைக்காது, ஸ்விட்ச்சின் போர்ட் கவுன்ட்டரில் பார்க்க வேண்டும். சாதாரண ஸ்விட்ச்சில் அந்த வசதியே இருக்காது. மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சிஆர்சி ஏறுகிறது என்றால் கேபிள், கனெக்டர், போர்ட் இந்த மூன்றில் ஒன்று. நீளமான பேட்ச் கேபிள் (இரு முனையிலும் பிளக் உள்ள ரெடிமேட் கேபிள்) ஒன்றைத் தரையிலேயே இழுத்து, சுவர்க் கேபிளைத் தவிர்த்து ஸ்விட்ச்சில் நேராகச் செருகினேன். 941 மெகாபிட், மறு-அனுப்பல் பூஜ்யம், சிஆர்சி அசையவில்லை. குற்றவாளி சுவருக்குள்தான்.

ஆனால் அந்தச் சுவர்க் கேபிளை எட்டு விளக்கு டெஸ்ட்டரில் போட்டால் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாகப் பச்சை. வயரிங் செய்தவரும் இதே டெஸ்ட்டரைக் காட்டித்தான் கேபிள் சரி என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். லினக்ஸ் கெர்னல் 5.8 முதல் ஈத்டூலிலேயே கேபிள் டெஸ்ட் இருக்கிறது, என் கார்டின் சிப் அதற்கு ஒத்துழைக்கவில்லை. கடைசியில் டார்ச் வெளிச்சத்தில் பிளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து நிறங்களைப் படித்தேன். ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, பச்சை, நீல-வெள்ளை, நீலம், பிரவுன்-வெள்ளை, பிரவுன். மறுமுனையிலும் அதே வரிசை.

பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! ஒவ்வொரு ஜோடியும் பக்கத்துப் பக்கத்தில். ஆனால் ஈத்தர்நெட்டுக்கு வேண்டிய ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8. டி568பி எனப்படும் வழக்கமான நிற வரிசையில் (சுருக்கமாக பி) பச்சை-வெள்ளைக்கு அடுத்து நீலம், நீல-வெள்ளை வந்து, ஆறாவது பின்னில்தான் பச்சை வரும். இந்தப் பிளக்கில் 3-ஆம் பின்னில் பச்சை ஜோடியின் ஒரு கம்பி, 6-ஆம் பின்னில் நீல ஜோடியின் ஒரு கம்பி. 4-5-லும் அதே கலப்படம். இதுதான் ஸ்ப்ளிட் பேர்.

கேபிளுக்குள் ஜோடி ஜோடியாக முறுக்கியிருப்பது அழகுக்காக இல்லை. ஒரு சிக்னலின் நேரும் எதிரும் ஒரே முறுக்கில் போவதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். பெறும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். ஸ்ப்ளிட் பேரில் நேர் ஒரு முறுக்கில், எதிர் வேறொரு முறுக்கில். கழிய வேண்டிய இரைச்சல் அப்படியே உள்ளே நிற்கும். அதோடு 3-6-இன் சிக்னல் 4-5-க்குள்ளும், 4-5-இன் சிக்னல் 3-6-க்குள்ளும் கசியும்.

100 மெகாபிட்டில் இது ஏன் தெரியவில்லை என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. அந்த வேகத்துக்கு 1-2, 3-6 இரண்டு ஜோடி போதும். 4-5 சும்மா கிடப்பதால் 3-6-க்குப் பக்கத்துத் தொல்லை பெரிதாக இல்லை. ஜிகாபிட் நான்கு ஜோடியிலும், இரண்டு திசையிலும், ஒரே நேரத்தில் பேசும். அங்கே கலந்த ஜோடிகள் ஒன்றையொன்று கெடுக்கின்றன. முடியாத கட்டத்தில் கார்டு லிங்க்கை உதறிவிட்டு 100-க்கு இறங்கிவிடுகிறது. விளக்கு டெஸ்ட்டர் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த முனையின் ஒன்றாம் பின் அந்த முனையின் ஒன்றாம் பின்னுக்குப் போகிறதா? போகிறது. எந்த முறுக்கு வழியாகப் போகிறது என்று அதற்குத் தெரியாது. பச்சை விளக்கைக் காட்டி ‘கேபிள் ஓகே’ என்று சொல்லும் பழக்கத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சரிசெய்தது பத்து நிமிட வேலைதான். இரண்டு முனையையும் வெட்டி, பிளக்குக்குப் பதிலாகக் கீஸ்டோன் ஜாக் (சுவரில் பொருத்தும் சாக்கெட்) போட்டேன். நிறம் ஜாக்கிலேயே அச்சிட்டிருக்கும், இரண்டு பக்கமும் பி என்று முடிவெடுத்துவிட்டால் வரிசை தவற வழியில்லை. முறுக்கைப் பிரிக்கும் நீளத்தை மட்டும் கஞ்சத்தனமாக வைத்துக்கொள்ளுங்கள், 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நான் முறுக்கை ஜாக்கின் பல்வரை கொண்டுபோய்த்தான் பஞ்ச் செய்தேன். சுவரில் ஓடும், ஒவ்வொரு கம்பியும் ஒற்றை இழையாக இருக்கும் கேபிளுக்குப் பிளக்கைவிட ஜாக்தான் பொருத்தம், அசைகிற பகுதியைப் பேட்ச் கேபிள் பார்த்துக்கொள்ளும்.

வெட்டிய துண்டைச் சும்மா விடவில்லை, பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளேயும் செம்பு நிறம், நிம்மதி. சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மின்தடை அதிகம், வளைத்தால் ஒடியும், நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் வாங்கும் பிஓஈ கேமராவுக்கு வேண்டவே வேண்டாம். பெட்டியில் கேட்6 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இதுதான் இருப்பது உண்டு. கேபிள் வாங்கும்போது சப்ளையரிடம் ‘முழுச் செம்பா?’ என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும், அலுமினியம் கனக்காது.

அடுத்து 2.5 ஜிகாபிட். 2016-இல் வந்த 802.3பிஇசட் தரம் கேட்5ஈ கேபிளிலேயே 100 மீட்டர் ஓடும்படி வகுத்தது, சுவரை உடைக்க வேண்டியதில்லை. என் டிஸ்க்குகள் தொடர்ச்சியாகப் படிக்கும்போது ஜிகாபிட்டைத் தாண்டிவிடுகின்றன, ஆகவே பயன் உண்டு. இரண்டு ஜிகாபிட் போர்ட்டைச் சேர்த்துக் கட்டும் லிங்க் அக்ரிகேஷனை யோசித்துவிட்டு விட்டேன். ஒரு இணைப்பு ஒரு போர்ட் வழியாகத்தான் போகும், ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஒரு காப்பி செய்கிறவனுக்கு அதில் லாபமில்லை.

ஸ்விட்ச் மாடல் பார்க்க ஆரம்பித்துவிட்டேன், ஆனால் மாடி அறைக்குப் போகும் கேபிள் பாக்கி இருக்கிறது. அதன் பிளக்கிலும் பச்சைக்குப் பக்கத்தில் பச்சைதான் உட்கார்ந்திருக்கிறது. ஜாக்குகள் வந்ததும் அதையும் வெட்ட வேண்டும்.