கொடுக்கும் குணம் இல்லாத என் மகள்

இறந்தபின் உறுப்புகள் தானமாகக் கொடுக்கப்பட்ட என் இளைய மகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள்: சிறு வயது முதலே தன்னிடம் உள்ளதைப் பிறருக்குக் கொடுத்து மகிழ்ந்தவளாம் அவள். பதினாறு வயது வரை அவளை வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது உண்மையல்ல. தன் பேனையை அக்காள் தொட்டுவிட்டால் அன்று வீட்டில் யாருக்கும் நிம்மதி இராது. பாணின் கருகிய ஓரத் துண்டு அவளுக்கே வேண்டும். நுவரெலியாவில் வாங்கிய நீலக் கம்பளிச் சட்டையை அக்காள் ஒரே ஒரு நாள் போட்டுக்கொண்டு ஹட்டனுக்குப் போய்வந்ததற்காக ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்தவள். இன்னொரு பக்கம், அவளைப் போல எங்களைச் சிரிக்க வைத்தவரும் எவருமில்லை. மாசி மாதத்தில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடந்து முடிந்த பிறகும் ரதியின் புலம்பலை மாதக்கணக்கில் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவுவாள். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒப்பாரி என்ன வேண்டியிருக்கிறது என்று என் தாயார் அகப்பையோடு எழுந்து வந்தால், இன்னும் உரத்துப் பாடுவாள்.

2018 டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். அடுத்த மாதம் ஒரு காலையில் தலை வெடிக்கிறது என்று சொல்லி வாந்தி எடுத்தவள், ஆட்டோவில் ஏற்றுவதற்குள் நினைவிழந்தாள். அருகிலிருந்த ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாய் போட்டு அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று அந்த வளைவுப் பாதை முழுவதும் நான் கேட்டுக்கொண்டு போனது அம்புலன்ஸின் ஒலியை மட்டும்தான். மூளையில், இரத்தத்தைக் கொண்டுவரும் நாடியும் திருப்பிக் கொண்டுபோகும் நாளமும் நடுவே நுண்குழாய்கள் இல்லாமல் நேரடியாகப் பின்னிக்கொண்டிருந்த ஓரிடம் வெடித்திருந்தது. பெரும்பாலும் பிறவியிலேயே உண்டாகும் குறை அது. வெடிக்கும் வரை எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிடக்கூடியது. பிள்ளைகளுக்கு மூளையில் திடீரென இரத்தம் கசிவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

மூளைச் சாவு என்று டொக்டர் சொன்னபோது, விஞ்ஞானம் கற்பிக்கிற எனக்கு அது விளங்கியது, விளங்கியது பயன்படவில்லை. "நெஞ்சு ஏறி இறங்குதேடா, கை சுடுதேடா, எப்புடிடா செத்துப்போச்சுங்கிற?" என்று என் தாயார் கேட்டார். நாற்பது வருடம் கொழுந்து பறித்த அந்தக் கை பேத்தியின் கையைப் பிடித்திருந்தது. நான் வாயடைத்து நின்றேன். அங்கிருந்த தமிழ் பேசும் தாதி ஒருவர்தான் அவரை உட்கார வைத்துச் சொன்னார்: காற்றை உள்ளே தள்ளுவது இயந்திரம், இருதயத்துக்குத் துடிப்பு அதற்குள்ளேயே உண்டாவதால் ஒட்சிசன் கிடைக்கும் வரை அது தன்பாட்டில் துடிக்கும், இரத்தம் ஓடுகிற வரை உடம்பு சுடும், ஆனால் மூச்சு விடச் சொல்லும் மூளைத்தண்டு போய்விட்டது, அது திரும்பாது. கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்கள், கருமணி சுருங்கவில்லை. தொண்டையைத் தூண்டினார்கள், இருமல் வரவில்லை. ஒட்சிசன் கொடுத்தபடியே இயந்திரத்தின் தள்ளலை நிறுத்திவைத்து, இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடும் வரை காத்திருந்தார்கள். அவள் மூச்செடுக்க முயலவே இல்லை. உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சையோடு தொடர்பில்லாத வைத்தியர்கள் இந்தச் சோதனையை மறுபடியும் செய்து உறுதிப்படுத்திய பிறகுதான் தானம் பற்றிய பேச்சே எங்களிடம் எடுக்கப்பட்டது.

மகள் இதைப் பற்றி ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. அவளுடைய விருப்பத்தை நிறைவேற்றினோம் என்று யாராவது சொன்னால், அது எங்கள் மேல் உள்ள அன்பினால் சொல்லப்படுவது. முடிவெடுத்தது நானும் என் மனைவியும். மனைவி இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார்: பிள்ளைக்கு வலிக்குமா, முகம் கெட்டுவிடுமா. இரண்டுக்கும் இல்லை என்ற பதில் வந்ததும் தலையசைத்தார். என்னைப் பொறுத்தவரை, அன்று எனக்கு மனிதகுலத்தின் மேல் அன்பு எதுவும் பெருகவில்லை. எல்லாமே மண்ணுக்குள் போய்விடும் என்பதைத் தாங்க முடியவில்லை, அதனால் கையெழுத்திட்டேன். கையெழுத்திட்டவர் என்ன நினைத்தார் என்று சிறுநீரகம் கேட்கப்போவதில்லை.

இரண்டு சிறுநீரகங்களும் ஈரலும் இரண்டு கண்களின் வெண்படலமும் எடுக்கப்பட்டன. யாருக்கு என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கண்டியில் அந்த நாட்களில் வராந்தாவில் எங்களோடு காத்திருந்தவர்களில் வடமத்திய மாகாணத்து விவசாயக் குடும்பங்கள் பல இருந்தன. காரணம் இன்னமும் திட்டமாகக் கண்டறியப்படாத சிறுநீரக நோய் அந்த வயற்புறங்களில் எத்தனையோ வீடுகளைத் தின்றுவருகிறது. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை நான்கு மணி நேரம் இயந்திரத்தில் படுத்து இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு திரும்புகிற மனிதர்கள் அவர்கள். புதிய சிறுநீரகத்தைப் பழையது இருந்த இடத்தில் வைப்பதில்லை, அடிவயிற்றில் வைத்துத் தைக்கிறார்கள் என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

"உங்கள் பிள்ளையின் கண் இன்னும் உலகத்தைப் பார்க்கிறது" என்று ஆறுதல் சொல்கிறவர்களிடம் நான் வாதிடுவதில்லை. ஆனால் பொருத்தப்படுவது வெண்படலம் என்கிற, கண்ணின் முன்புறத்திலுள்ள கண்ணாடி போன்ற மெல்லிய படலம் மட்டுமே. அவளுடைய பார்வை அவளோடு போய்விட்டது. இந்தத் தெளிவு என்னை வருத்தவில்லை, நிம்மதியே தருகிறது. இந்த நாட்டில் கண் தானம் வேரூன்றியதும் ஒரு வீட்டுச் சாவிலிருந்துதான். 1960 இல் தம் தாயார் இறந்தபோது அவருடைய கண்கள் ஓர் ஏழை விவசாயிக்குப் போகும்படி செய்த டொக்டர் ஹட்சன் சில்வா, அடுத்த ஆண்டில் கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் வழியாக இலங்கையிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கண்கள் சென்றிருக்கின்றன.

கருமாதி முடிவதற்குள்ளேயே தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியது: வாத்தியார் பிள்ளையின் கிட்னியை விற்றுவிட்டாராம். 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டப்படி மனித இழையங்களை விற்பது குற்றம் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் விலை பேசி முடித்தவன் சட்டம் பேசுகிறான் என்பார்கள். என் மனைவி அந்தப் பேச்சு முளைத்த வீட்டுக்கே நேராகப் போய், வாசலில் நின்று, "எவ்வளவு குடுத்தாங்கன்னு சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்று கேட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் காதுபட யாரும் பேசவில்லை.

மார்ச் இறுதியில் பரீட்சைப் பெறுபேறு வந்தது. தமிழுக்கு ஏ, கணிதத்துக்கு எஸ், அதாவது சாதாரண சித்தி. கணிதத்தில் தவறிவிடுவாள் என்று அக்காளோடு பந்தயம் கட்டியிருந்தவன் நான்.

என் தாயாரோடு இப்போதுதான் இதைப் பேச முடிகிறது. அவர் இல்லாத காலத்தில் என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டேன். "தேஞ்ச ஒடம்பு, கண்ணுல வேற பூ விழுந்திருக்கு, இத எவன் வாங்குவான்" என்றார். அவருக்கு இருப்பது கண்புரை, அது உள்ளே வில்லையில் வருவது, முன்னால் உள்ள படலத்துக்கு அதனால் கேடில்லை, வயதானவர்களின் கண்ணையும் எடுத்துக்கொள்கிறார்கள் என்றேன். சற்று நேரம் வெற்றிலையை மென்றார். அதிலிருந்து இரண்டு தடவை, மூடிய கண் பள்ளம் விழுந்து தெரியுமா என்று கேட்டுவிட்டார். தெரியாதபடி சீர்செய்து வைப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன். பொங்கல் கழியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்கிறார்.