எம்.எல்.ஏ. அனுப்பிய ஊர்ச் செய்தி

எங்கள் எம்.எல்.ஏ. அவ்வப்போது வாட்ஸ்அப்பில் தொகுதிச் செய்தி அனுப்புவார், பாதிக்கு மேல் காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் நோம்பிப் படங்கள்தான் என்பதால் நான் பெரும்பாலும் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். இந்தத் தடவை குளத்தைப் பற்றி எழுதியிருந்தார், சரி என்று உட்கார்ந்து படித்தேன்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம்தான். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாகப் போகும் 1.5 டி.எம்.சி. தண்ணீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு விடுவது. அறுபது வருசத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட் 17 அன்றுதான் தொடங்கியது. அதைப் பெருமையாகவே எழுதியிருக்கிறார், எழுதட்டும்.

ஆனால் குளத்துக்குள் சீமைக்கருவேலம் காடாக நிற்கிறதே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏனுங்க, வருசத்துக்கு 3 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறதல்லவா, நிழற்குடைக்குப் போவதில் கொஞ்சத்தை இதற்குக் கொடுத்தால் என்ன?

அக்டோபர் 2 கிராமசபைக்கு எல்லோரும் வரச் சொல்லியிருக்கிறார். வருகிறோம். கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டுக் கிளம்பாமல், முள் வெட்டுவதைத் தீர்மானமாக எழுத வைக்க வேண்டும்.