தண்ணீரின் மேல் போட்ட பழி

2024 ஜூன் 12, காரிமங்கலம்

பள்ளி திறந்து இன்று மூன்றாம் நாள். மகனை எல்.கே.ஜி. வகுப்பில் விட்டுவிட்டு, அவன் நடந்து போவதை வாசலில் நின்று பார்த்தேன். கணுக்கால்களைச் சேர்த்து நின்றால் முழங்கால்களுக்கு நடுவே என் முஷ்டி நுழைந்துவிடும். நடக்கும்போது வாத்தைப் போல் இடுப்பு இருபுறமும் சாய்கிறது. ஆயா, "போர் தண்ணி குடிச்சு வளந்த பிள்ளையா?" என்று கேட்டார். எங்கள் தருமபுரிப் பக்கம் கால் வளைந்த பிள்ளையைக் கண்டால் முதலில் எழும் கேள்வி இதுதான். அதில் தவறும் இல்லை. பாறையிலிருந்து ஊறி, மிகுந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய கிணறுகள் இங்கே ஏராளம்; என் பற்களிலேயே அதன் காவிக் கோடுகள் இருக்கின்றன. ஆனால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது 2013-இல். இவன் பிறந்தது 2020-இல். பிறந்தது முதல் காவிரித் தண்ணீரையே குடித்தவனுக்கு இது எப்படி வந்தது என்று நான் கேட்டால், அத்தை, "சொந்தத்துல கட்டுனதுதான்" என்று அடுத்த காரணத்துக்குப் போய்விடுகிறார்.

2024 ஜூன் 27, வேலூர்

கிருஷ்ணகிரியில் பேருந்து மாறி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வந்து சேர மதியமாகிவிட்டது. இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த தாள்களை மருத்துவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அறுபதாயிரம் யூனிட் வைட்டமின் டி பொட்டலங்களை எத்தனை முறை கொடுத்தோம் என்று எண்ணி முடியாது. கேழ்வரகுக் கூழும் முட்டையும் காலை வெயிலும் தனிக் கணக்கு. கால் மட்டும் நிமிரவில்லை.

சென்ற ஆண்டு எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளில் அவருடைய விரல் நின்றது. பாஸ்பரஸ் 2.6. அதற்கு நேரே "2.5 முதல் 4.5 வரை" என்று அச்சாகியிருந்ததால் அது இயல்பான அளவு என்றுதான் நாங்களும் எங்களுக்கு மருந்தெழுதியவரும் எடுத்துக்கொண்டோம். அது பெரியவர்களுக்கான அளவு என்றும், வளரும் வயதில் எலும்புக்குப் பாஸ்பரஸ் மிகுதியாகத் தேவைப்படுவதால் மூன்று வயதுக் குழந்தையின் ரத்தத்தில் அது 4-க்கு மேல் இருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். பதில் ஓர் ஆண்டாக எங்கள் வீட்டு அலமாரியிலேயே கிடந்திருக்கிறது. கோபம் யார் மேல் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் நுனி கிண்ணம் போல் குழிந்து, தேய்ந்த தூரிகை போல் பிரிந்திருக்கிறது. இது ரிக்கெட்ஸ், அதாவது வளரும் எலும்பு கெட்டிப்படாமல் வளையும் நோய். கால்சியமும் வைட்டமின் டியும் சரியாக இருக்க, சிறுநீர் வழியே பாஸ்பரஸ் மட்டும், பாஸ்பேட் என்ற வடிவில், ஒழுகிப் போகிறது. சிறுநீரில் சர்க்கரை இல்லை, ரத்தத்தில் அமிலமும் ஏறவில்லை என்பதால் மற்றச் சிறுநீரகக் கோளாறுகளை ஒதுக்கினார். பிறகு, "உங்கள் அப்பாவுக்குக் கால் எப்படி?" என்று கேட்டார்.

2024 ஜூன் 29

அந்தக் கேள்வியோடுதான் ஊர் திரும்பினேன். அப்பாவுக்கு வில் கால். கழுத்தைத் திருப்ப முடியாத விறைப்பும் உண்டு. நாங்கள் மூன்று பெண்களும் குள்ளம். கால் வளைவு ஆளுக்கு ஓர் அளவு. எனக்குச் சொத்தையே இல்லாத பல்லில் சீழ் கட்டி இரண்டு பற்களை எடுத்தாயிற்று. அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தம்பி மட்டும் பனைமரம் போல் நேராக நிற்கிறான். தண்ணீர் பெண்பிள்ளைகளை மட்டுமா தேடிப் பிடிக்கும்?

தந்தை தன் எக்ஸ் குரோமோசோமை மகள்களுக்கு மட்டுமே தர முடியும். மகனுக்குப் போவது ஒய். எக்ஸில் இருக்கும் ஃபெக்ஸ் என்ற மரபணு பழுதானால், எஃப்ஜிஎஃப் 23 என்ற ஹார்மோன் மிகுந்து, சிறுநீரகம் பாஸ்பேட்டைத் தக்கவைக்க முடியாமல் போகிறது. வைட்டமின் டி செயலூக்கம் பெறுவதையும் அது தடுப்பதால்தான் பொட்டலங்கள் பலிக்கவில்லை. ஒரு பழுதான பிரதியே போதும் என்பதால் நான் மாமன் மகனைக் கட்டியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இருபுறமும் பழுது சேர்ந்தால் மட்டும் வரும் எலும்பு நோய்கள் வேறு உண்டு. அவற்றில்தான் சொந்தத் திருமணம் ஆபத்தைக் கூட்டும். அத்தையிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எங்க பக்கம் ஒண்ணும் இல்லை" என்று நிம்மதியானார். நான் எதிர்பார்த்த ஆறுதல் அதுவன்று.

2024 ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஊரே ஒகேனக்கல்லுக்குக் கிளம்ப, நான் கடிகாரத்தோடு வீட்டில் இருந்தேன். பாஸ்பேட் கரைசல் நாளுக்கு ஐந்து வேளை, வேளைக்கு மூன்றரை மில்லி. காலை ஆறு மணிக்கு முதல் வேளை, இரவு பத்து மணிக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கடைசி வேளை. ஒரே தடவையில் கூடுதலாகக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு. பாலோடு கொடுத்தால் கால்சியம் அதைப் பிடித்துக்கொண்டு உடலில் சேர விடாது. கூடவே செயலூக்கம் பெற்ற வைட்டமின் டி. சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிகிறதா என்று அவ்வப்போது ஸ்கேனும் எடுக்க வேண்டும். எஃப்ஜிஎஃப் 23-ஐயே கட்டிப்போடும் புரோசுமாப் என்ற ஊசிக்கு 2018-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதி அளித்தன. அதன் விலை எங்கள் ஊர்க் கணக்கில் அடங்காது.

2024 செப்டம்பர் 14

மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது: ஃபெக்ஸ்தான். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வைட்டமின் டிக்கு அடங்காத ரிக்கெட்ஸை ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்ததும், நெல்லூரில் ஃபுளோரைடு எலும்பைத் தாக்குவதை ஷார்ட் குழுவினர் எழுதியதும் ஒரே ஆண்டில், 1937-இல். அப்பாவின் கழுத்து விறைப்புக்கு இரண்டுமே காரணமாக இருக்கலாம். இரண்டிலும் தசைநார்களில் சுண்ணாம்பு படியும். நெடுநேரம் பேசாமல் இருந்த அப்பா, "தண்ணியின்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன் பாப்பா. நான் குடுத்ததா இது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வேளையாகிவிட்டது என்று மருந்தெடுக்க எழுந்தேன்.

2024 நவம்பர் 17

ரிக்கெட்ஸில் ரத்தத்தில் ஏறும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி, மகனுக்கு இறங்கத் தொடங்கியிருக்கிறது. கால் இன்னும் அப்படியேதான். ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்து, தேவையானால் முழங்காலில் சிறு தகடு வைத்து வளர்ச்சியைத் திருப்பலாம் என்கிறார்கள்.

ஓசூரில் இருக்கும் தங்கையின் பதினான்கு மாத மகளுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தேன். இன்று மாலை தாளைப் படமெடுத்து அனுப்பி, "எல்லாம் நார்மல்னுதான் போட்டிருக்கு அக்கா" என்று குரல்பதிவும் அனுப்பியிருந்தாள். பாஸ்பரஸ் 3.1. நேரே அச்சாகியிருந்தது: 2.5 முதல் 4.5 வரை. அந்த வரியை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, வேலூருக்கு எந்தக் கிழமை போகலாம் என்று அவளைக் கேட்டிருக்கிறேன்.