தீர்த்தன் ஆற்றங்கரை: வீச்சுக் குறிப்புகள்

மார்ச் 2, குஷைனி

ட்ரவுட் மீன் பிடிக்க இமாச்சலில் நான்கு மாதத் தடை, பிப்ரவரியோடு முடிந்தது. மீன்வளத் துறைச் சீட்டும் கைக்கு வந்தாயிற்று. ஆனாலும் ஃப்ளை ஃபிஷிங்கின் (பூச்சிபோல் கட்டிய போலி இரையான ஃப்ளையை வீசி மீன் பிடிப்பது) முதல் நாள் பயிற்சி தண்ணீரில் இல்லை, புல்தரையில்தான். ஒன்பது அடி ராட் (தூண்டில் கோல்), 5-ஆம் எண் லைன் (எடையுள்ள வீச்சுக் கயிறு; எண் அதன் எடையைக் குறிக்கும்), நுனியில் முள்ளுக்குப் பதில் மஞ்சள் கம்பளி நூல். சிமெண்டுத் தரையில் பழகினால் லைனின் மேல்பூச்சு தேய்ந்துவிடும்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே பறக்கும், நரம்பு பின்னே போகும். இங்கே தலைகீழ். இறகும் நூலும் சுற்றிய ஃப்ளைக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. லைனின் முதல் 30 அடிதான், சுமார் 9 கிராம், ராடை வளைக்கிறது. லைன் தொய்ந்து கிடந்தால் பாதி வீச்சு தொய்வை இழுப்பதிலேயே போய்விடும். ராட் நுனியைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி, தொய்வைக் கையால் இழுத்துக்கொண்ட பிறகே தூக்க வேண்டும்.

மார்ச் 3

பின்வீச்சு. மெல்லத் தொடங்கி, வேகம் கூட்டி, சட்டென்று நிறுத்தம். நிறுத்தினால்தான் லூப், அதாவது காற்றில் லைன் மடிந்து செல்லும் வளைவு, உருவாகும். பிறகு லைன் பின்னால் நீளும்வரை பொறுக்க வேண்டும். லைன் நீளமானால் பொறுமையும் நீள வேண்டும். அவசரப்பட்டால் சாட்டை சொடுக்கியதுபோல் சத்தம் வரும். சத்தம் கேட்டால் நுனியைப் பார்க்கவும், ஃப்ளை பெரும்பாலும் இருக்காது. கழுத்தைத் திருப்பி லைனைப் பார்த்து வீசுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மார்ச் 5

நுனி நரம்பில் தானே விழும் முடிச்சை ‘காற்று முடிச்சு’ என்று சொல்லிக் காற்றின் மேல் பழி போடுகிறார்கள். குற்றம் கையில். முன்வீச்சில் திடீரென விசை கொடுத்தால் ராட் அதிகம் வளைந்து நுனி நேர்கோட்டிலிருந்து கீழே அமுங்கும். லூப்பின் மேல்பகுதி கீழ்ப்பகுதியின் குறுக்கே விழுந்து முடிச்சாகும். ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பான டிப்பெட்டில், 5எக்ஸ் ரகத்தின் தடிமனே 0.15 மில்லிமீட்டர். அதில் முடிச்சு விழுந்தால் பலம் பாதியாகக் குறையலாம். அவிழ்க்க முயலாமல் வெட்டிவிட்டுப் புதுத் துண்டு கட்டுவதே மேல். இறுக்கும் முன் எச்சில் தொட்டுக்கொள்ளவும்.

மார்ச் 9

ஆற்றில். பாறையை ஒட்டி, வேகநீரும் தேங்குநீரும் உரசும் கோட்டில் பிரவுன் ட்ரவுட் நிற்கிறது. நேராக வீசினால் நடுவிலுள்ள வேகநீர் லைனை வில்லாக வளைத்து ஃப்ளையை இழுக்கும். கோடு கிழித்துக்கொண்டு போகும் பூச்சியை ட்ரவுட் சீண்டாது. எனவே முன்வீச்சை நிறுத்தியதும், லைன் விழும் முன்னரே, ராடை நீர் வரும் திசைப் பக்கம் நீட்டிச் சாய்க்க வேண்டும். இரண்டு மூன்று வினாடி இழுபடாமல் மிதந்தால் போதும்.

முதுகுக்குப் பின்னால் மரமென்றால் ரோல் காஸ்ட். லைனை மெதுவாக இழுத்து, தோளுக்குப் பின்னே வயிறு தள்ளித் தொங்கவிட்டு, முன்னே அடிக்க வேண்டும். தண்ணீரின் பிடிப்பு வேண்டிய வீச்சு என்பதால் புல்தரைப் பயிற்சி இதற்கு உதவாது.

மார்ச் 10

இந்த ஆற்றில் எட்டு, ஒன்பது மீட்டருக்கு மேல் வீச வேண்டிய இடம் குறைவு. அந்தத் தூரத்தில் தட்டு அகலத்துக்குள் ஃப்ளை விழ வேண்டும். இருபத்தைந்து மீட்டர் வீச்செல்லாம் புல்தரையில் பீற்றிக்கொள்ளத்தான். வெறும் வீச்சு (தண்ணீரில் இறக்காமல் காற்றிலேயே முன்னும் பின்னும் வீசுவது) இரண்டுக்கு மேல் வேண்டாம். லைனின் நிழல் பட்டாலே மீன் ஓடிவிடும்.

வலக்கைக்காரருக்கு வலப்புறக் காற்று ஆபத்து, முள் முகத்துக்கு வரும். ராடைத் தலைக்கு மேல் சாய்த்து இடத்தோள் பக்கமாக வீசவும். கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்.