ஆணையின் கடைசி வரி

எங்கள் ஒப்பந்தத்துக்கு முதல் காலநீட்டிப்பு ஆணை கைக்கு வந்த அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தோம். ஒரே பக்க ஆணை. அதன் கடைசி வரியில் "கூடுதல் செலவினம் ஏதுமின்றி" என்று இருந்ததை நான் உட்பட யாரும் நின்று படிக்கவில்லை.

டெல்டாவில் ஒரு நகராட்சியின் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு நாங்கள் மேற்பார்வை ஆலோசகர்கள்; நான் அணித்தலைவர். ஒப்பந்தக் காலம் 24 மாதம், கட்டணம் ஆள்மாதக் கணக்கில் (ஒருவர் ஒரு மாதம் பார்க்கும் வேலை ஓர் ஆள்மாதம்), அதற்கு மொத்தமாக ஓர் உச்சவரம்பு. ரயில் பாதைக்கு அடியில் குழாய் செலுத்த அனுமதி வரவில்லை, ஐப்பசி மழையில் தோண்டிய பள்ளமெல்லாம் ஊற்றெடுத்தது, பிறகு பொதுமுடக்கம். வேலை நின்றாலும் பொறியாளர்களின் சம்பளமும் ஜீப் வாடகையும் நிற்பதில்லை. வேலைக்குப் பிணையாகக் கொடுத்த வங்கி உத்தரவாதத்தையும், எங்கள் தொழில் தவறுகளுக்கான காப்பீட்டையும் நீட்டிக்கும் செலவு வேறு.

ஒன்றிய நிதியமைச்சகம் 2020 மே 13 அன்று வெளியிட்ட குறிப்பாணை, மூன்று மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மிகாமலும் காலநீட்டிப்புத் தரலாம் என்றது. ஒப்பந்ததாரர் மீது செலவோ அபராதமோ சுமத்தக்கூடாது என்பதே அதன் கருத்து. எங்கள் ஆணை அதை மேற்கோள் காட்டிவிட்டு, எங்களுக்கும் எதுவும் தரவேண்டியதில்லை என்ற பொருளில் அந்த வரியைச் சேர்த்திருந்தது. கூடுதல் மாதங்களுக்கு நாங்கள் அனுப்பிய பில், ஆணையை எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டீர்களே என்ற ஒரே பதிலோடு திரும்பி வந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 55-ஆவது பிரிவை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். எதிர்த்தரப்பின் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு பிந்திய நிறைவேற்றத்தை ஏற்பவர், ஏற்கும்போதே இழப்பீடு கேட்கப்போவதாக அறிவிக்காவிட்டால் பின்னர் கேட்க முடியாது. முதல் நீட்டிப்பின் பணம் அத்தோடு போயிற்று.

இரண்டாவது ஆணை வந்த மூன்றாம் நாளே, காலத்தை ஏற்கிறோம், கட்டண உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்கு அலுவலக முத்திரையும் வாங்கினேன். வெறும் எதிர்ப்பு போதாது என்பதால், ஆள் குறைப்புத் திட்டம் ஒன்றையும் இணைத்தோம்: மண்ணியல், சுற்றுச்சூழல் வல்லுநர்களின் பயன்படுத்தாத ஆள்மாதங்களைக் களப் பொறியாளர்களுக்கு மாற்றினால், உச்சவரம்பைத் தாண்டாமலேயே நான்கு மாதம் ஓட்டலாம், மீதமுள்ள இரண்டு மாதத்துக்கு மட்டும் புதிய ஒப்புதல் போதும். கணக்குப் பிரிவு அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இதுல தாமதம் உங்களால இல்லன்னு எங்க சார் இருக்கு? ஆடிட்ல என்னைத்தான கேப்பாங்க?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அதற்கு விடை சைட் பதிவேட்டில் இருந்தது. எங்கள் இளநிலைப் பொறியாளர் ஒருவர் தினமும் மழையளவு, பம்பு ஓடிய மணிநேரம், வேலை நின்ற தெரு, நின்ற காரணம் ஆகியவற்றை எழுதி, ஒப்பந்ததாரரின் ஆளிடமும் நகராட்சி மேற்பார்வையாளரிடமும் கையெழுத்து வாங்கி வந்திருந்தார். (அவர் இப்படி வாங்குவதை அநாவசியம் என்று ஒருமுறை கடிந்துகொண்டவன் நான்தான்.) சேற்றுக்கறை படிந்த அந்தப் பக்கங்களையும் ரயில்வே அனுமதிக் கடிதங்களின் தேதிகளையும் ஒரே அட்டவணையில் மாதவாரியாக அடுக்கிக் கொடுத்தோம்.

ஏழு மாதம் கழித்து நான்கு மாத மறுஒதுக்கீடு முழுதாகவும், கூடுதல் இரண்டு மாதத்தில் ஒன்றும் ஒப்புக்கொள்ளப்பட்டன. வங்கி உத்தரவாதத்துக்கான கமிஷனை மட்டும், ஒப்பந்தத்தில் அப்படியொரு இனமே இல்லை என்று சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.