நோட்டீஸ் பார்ப்பது யார் வேலை?

"ரிட்டர்ன் போடறதுக்குத்தானுங்கண்ணா காசு பேசினோம். நோட்டீஸ் பாக்கறதுக்குன்னு தனியா எதுவும் பேசலீங்களே."

ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஸ்பீக்கரில் போட்ட போனில் பழைய அக்கவுண்டன்ட் சொன்ன பதில் இது. "மாசாமாசம் குடுத்தது பின்ன எதுக்குப்பா?" என்றார், கணக்கு வேலை பார்க்கும் எங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருந்த ஹார்டுவேர் கடைக்காரர். "ஒரு மாசமாவது லேட் ஃபீஸ் கட்டியிருக்கீங்களா, சொல்லுங்க பாப்போம்" என்று பதில் வந்தது.

அதுவும் உண்மைதான். ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறந்து பார்த்தால், விற்ற பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 எல்லாம் 11-ஆம் தேதிக்குள், வரி கட்டும் ரிட்டர்னான 3பி எல்லாம் 20-ஆம் தேதிக்குள். ஒரு நாள் தள்ளிப்போனால் 50 ரூபாய், கட்ட வரியே இல்லாத நில் ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய் என்று ஓடும் லேட் ஃபீஸ், இந்தக் கடைக்கு ஒரு தடவைகூட விழுந்ததில்லை. ரிட்டர்ன் போடுவதை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் நல்ல அக்கவுண்டன்ட். அதனால்தான் அந்தப் பதிலை அப்படியே ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

விஷயம் 2018-19ஆம் வருஷத்துடையது. 3பி-யில் எடுத்த இன்புட்டுக்கும் (வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது), சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து போர்ட்டல் காட்டும் 2ஏ-யில் வந்திருந்ததற்கும் 1,80,000 ரூபாய் வித்தியாசம். சப்ளையர் வரி கட்டிவிட்டார். ஆனால் ஜிஎஸ்டிஆர்-1-இல் கடைக்காரரின் ஜிஎஸ்டி நம்பரைப் போடாமல், பில்களைச் சில்லறை விற்பனைக் கணக்கில் காட்டிவிட்டார். 2017-18, 2018-19 வருஷங்களில் இந்தக் குளறுபடி ஊரெல்லாம் நடந்ததுதான். அதற்காகவே 2022 டிசம்பர் 27-ஆம் தேதி 183-ஆம் நம்பர் சர்க்குலர் வந்தது. ஒரு சப்ளையருக்கு வருஷ வித்தியாசம் 5 லட்சத்துக்குள் என்றால் அந்த சப்ளையரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் போனால் சிஏ அல்லது சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுண்டன்ட்) சான்றிதழ் வேண்டும். ஆக, லெட்டர்பேடில் ஒரு பக்கத்தோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம்.

2018-19க்கு உத்தரவு போட அதிகாரிகளுக்கு 2024 ஏப்ரல் 30 வரைதான் கெடு. கெடு நெருங்கியதும், வரி பாக்கி கேட்கும் டிஆர்சி-01 நோட்டீஸ்கள் மொத்தமாக வந்து விழுந்தன. இவருக்கு டிசம்பரில் வந்தது. பதில் போகவில்லை. நேரில் வரச் சொல்லி ரிமைண்டர் வந்தது. அதற்கும் யாரும் போகவில்லை. ஏப்ரலில், கட்டியே ஆக வேண்டும் என்ற டிஆர்சி-07 உத்தரவு. வரி 1,80,000; ஐந்து வருஷத்துக்கு 18 சதவீத வட்டி ஏறக்குறைய 1,62,000. அபராதம் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. மத்திய வரி 90,000, மாநில வரி 90,000 என்று தனித்தனியாகப் பார்ப்பதால் இரண்டு பத்தாயிரம். அப்பீலுக்கு மூன்று மாதம், தகுந்த காரணம் சொன்னால் இன்னொரு மாதம். அதுவும் தாண்டிய பிறகு ஒருநாள் செக் திரும்பியது. என்னவென்று பேங்கில் விசாரித்தபோதுதான் கணக்கு முடக்கப்பட்டிருப்பதே கடைக்காரருக்குத் தெரிந்தது.

நோட்டீஸ் எங்கே போனது? போர்ட்டலுக்குப் போனது. அப்போது அங்கே நோட்டீஸ் பார்க்க இரண்டு இடங்கள் இருந்தன. டிஆர்சி-01 வழக்கமான இடத்தில் இல்லாமல் 'அடிஷனல் நோட்டீஸஸ் அண்ட் ஆர்டர்ஸ்' என்ற தலைப்புக்குள் கிடக்கும். ரிட்டர்ன் போடப் போகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையே இல்லை. இது அக்கவுண்டன்டுக்குச் சாதகமான வாதம். அவருக்குப் பாதகமானது, மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் போன இடம். ரிஜிஸ்ட்ரேஷனில் இருந்தது இரண்டுமே அக்கவுண்டன்டுடையவை.

எங்களால் தாண்டிப்போக முடியாத இடம் இதுதான். சொந்த மெயிலையும் சொந்த நம்பரையும் கொடுத்தவர், அரசாங்கம் கடைக்காரருக்குச் சொல்வதை நடுவில் நின்று வாங்கிக்கொள்கிறார். வாங்கிக்கொண்டவர் உரியவரிடம் கொடுத்தாக வேண்டும். அதற்குத் தனியாகக் காசு பேசியிருக்கத் தேவையில்லை. நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது வேறு வேலை, அதற்கு வேறு கட்டணம், அதில் தகராறே இல்லை. வந்திருக்கிறது என்று சொல்வது ஒரு போன் கால்.

ஆனால் அந்த மெயில் ஏன் அங்கே இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் பலர் மெயில் பார்ப்பதில்லை. ஓடிபி வந்த நேரத்தில் போனை எடுப்பதில்லை. 20-ஆம் தேதி ராத்திரி போர்ட்டல் தவழ்ந்துகொண்டிருக்கும்போது ஒரு ஓடிபிக்காக ஐந்து தடவை கூப்பிட்டுப் பார்த்தவருக்குத்தான் தன் நம்பரையே போட்டுவிடலாம் என்று ஏன் தோன்றுகிறது என்பது புரியும். இந்தக் கடைக்காரரும் "எனக்கு ஒண்ணும் அனுப்பாதீங்க, நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லியிருக்கிறார். அதை அவரே மறுக்கவில்லை.

சென்னை உயர்நீதிமன்றத்தில் 2024-இல் இந்த மாதிரி வழக்குகள் வரிசை கட்டின. நோட்டீஸ் போர்ட்டலில் மட்டும் ஏற்றப்பட்டது, வரி வேலையைக் கன்சல்டன்டிடம் ஒப்படைத்திருந்தோம், எங்களுக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் பல மனுக்களின் சாரம். அவற்றில் பலவற்றில் வரியில் 10 சதவீதம் கட்டச் சொல்லி, உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்க அனுப்பினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திரும்பிப் போய்க் காட்டக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே. இவர் விஷயத்தில் அந்த சப்ளையர் இதற்குள் கடையை மூடி, ரிஜிஸ்ட்ரேஷனை ரத்து செய்துவிட்டு ஊரைவிட்டே போயிருந்தார். நோட்டீஸ் வந்த டிசம்பரில் அதே தெருவில் இருந்தவர்.

மிஞ்சியது ஜிஎஸ்டி சட்டத்தின் 128ஏ பிரிவில் வந்த சமாதானத் திட்டம். 2025 மார்ச் 31-க்குள் வரியை முழுசாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்றிருந்தது. 1,80,000 கட்டி, அதற்கான எஸ்பிஎல்-02 விண்ணப்பம் போட்டு முடித்தாயிற்று. சப்ளையருக்குக் கொடுத்த வரியை இன்னொரு தடவை அரசாங்கத்துக்குக் கொடுத்த மாதிரிதான். வழக்குக்குப் போயிருக்கலாமோ என்று இப்போதும் பேச்சு வருகிறது. லெட்டர் இல்லாமல் போய் என்ன செய்திருக்க முடியும் என்பதோடு அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது.

இதற்குப் பிறகு யார் கேட்டாலும் எங்கள் ஆபீஸில் முதலில் சொல்வது, மெயிலையும் நம்பரையும் உங்கள் பேருக்கு மாற்றுங்கள் என்பதுதான். போர்ட்டலில் ரிஜிஸ்ட்ரேஷன் விவரங்களைத் திருத்தும் நான்-கோர் அமெண்ட்மென்ட்டில், ஆதரைஸ்டு சிக்னேட்டரி (கையெழுத்துப் போடுகிறவர்) பகுதிக்குப் போய் இரண்டையும் மாற்றலாம். ஓடிபி போட்டால் போதும், அதிகாரி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. யூசர் ஐடி, பாஸ்வேர்டு, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், டேலி பேக்கப் நான்கும் கடையில் இருக்க வேண்டும். ஆடிட்டரை மாற்றுகிற அன்றைக்கு இவற்றைக் கெஞ்சி வாங்குகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அடுத்தது 2பி, அதாவது எந்தெந்த பர்ச்சேஸ் பில்லுக்கு இன்புட் எடுக்கலாம் என்று போர்ட்டல் மாதாமாதம் தரும் ஸ்டேட்மென்ட். மாதம் 14-ஆம் தேதி அது வருகிறது, 3பி போடக் கடைசி நாள் 20. நடுவில் இருக்கும் அந்த ஆறு நாளில் உங்கள் பர்ச்சேஸ் பில்லில் எவை 2பி-யில் வரவில்லை என்ற பட்டியலை அக்கவுண்டன்டிடம் கேட்டு வாங்குங்கள். 2022 ஜனவரி முதல், சப்ளையர் ஏற்றாத பில்லுக்கு இன்புட் கிடையாது. பில்லும் பணம் கொடுத்த ரசீதும் இருந்தாலும் கிடையாது. பட்டியல் கையில் இருந்தால் சப்ளையரிடம் "பில்லை ஏத்துங்க, அப்புறம் வரிப் பணத்தை வாங்கிக்கங்க" என்று சொல்லலாம். அதையும் இழுத்துக்கொண்டே போக முடியாது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் வரியோடு சேர்த்துக் கொடுக்காவிட்டால், கொடுக்காத தொகைக்கான இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டிவரும். "ரிட்டர்ன் போட்டாச்சுங்க" என்ற வாட்ஸ்அப் மெசேஜை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் இந்தப் பட்டியலைக் கேட்பதே இல்லை. கேட்காததை அக்கவுண்டன்ட் தயாரிப்பதும் இல்லை.

பதிலுக்குக் கடைக்காரரும் செய்ய வேண்டியது உண்டு. 5-ஆம் தேதிக்குள் பில் வந்தாக வேண்டும். 19-ஆம் தேதி சாயங்காலம், பாதி வெட்டுப்பட்ட போட்டோக்களாக வாட்ஸ்அப்பில் கொட்டிவிட்டு, ஏன் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்று கேட்டால் நியாயமில்லை. பேங்க் ஸ்டேட்மென்ட்டை எக்செல்லில் இறக்கிக் கொடுங்கள். பாஸ்புக்கை போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள்.

எதற்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது என்கிறோம். அந்தத் தாளை எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். வாரம் ஒரு தடவை போர்ட்டலில் நோட்டீஸ் பார்ப்பதற்கு ஒரு தொகை என்று தனி லைன் போட்டால், அந்தத் தொகையை வேண்டாம் என்று அடித்துவிடுகிறவருக்கு நோட்டீஸ் வந்தால் சொல்லாமல் விடலாம் என்று அர்த்தமாகிறது. போனில் அந்த அக்கவுண்டன்ட் சொன்னதும் அதைத்தான். சரி, ரிட்டர்ன் கட்டணத்திலேயே அதுவும் அடங்கும் என்று எழுதினால், எங்களிடம் உள்ள இருநூறு கடைக்கும் வாரம் ஒருமுறை லாகின் செய்ய ஒரு ஆள் தனியாக வேண்டும். அந்தச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டால் கட்டணத்தை ஏற்றாமல் முடியாது. ஏற்றினால், பக்கத்துத் தெருவில் ஐந்நூறு குறைத்து வாங்குகிறவரிடம் போய்விடுவார்கள். அவர் ரிட்டர்னை நேரத்துக்குப் போட்டுக்கொடுப்பார். தாளில் அந்த லைன் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.