சோலை ஓரத்தில் ஜனவரி

ஜனவரி 9
விடியும் முன்பே நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் போய்விட்டேன். கையுறையை மறந்ததால் பேனா பிடிக்க விரல் வரவில்லை, மதியம்தான் எழுதுகிறேன். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டிய மாதிரி உறைபனி. ஆனால் அந்த வெள்ளை நிறம், புல்வெளிக்கு நடுவே அடர்ந்து நிற்கும் மலைக்காடான சோலையின் ஓரம் வந்ததும் சட்டென்று நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு எட்டு வைத்தால் மட்கிய இலை காலடியில் மெத்து மெத்தென்று அமுங்குகிறது, கிளையெல்லாம் பாசி, பனி ஒரு பொட்டு இல்லை. இரவில் தரை விடுகிற வெப்பத்தை உள்ளே இலைக்கூரை தடுத்து வைத்துக்கொள்கிறது, வெளியே அது நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. ஆளுயரத்தில் 3 டிகிரி காட்டிய தெர்மாமீட்டர் புல்லின்மேல் வைத்ததும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது.

ஜனவரி 10
அதே இடம். ஓரத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி, முழங்கால் உயரத்தில் நாவல் இனக் கன்று ஒன்று. பறவை போட்ட விதையாக இருக்கும். இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிச் சுருண்டிருந்தன. பறவைகள் எத்தனை விதை கொண்டுவந்து போட்டாலும் புல்வெளி காடாகாமல் இருக்க இந்தப் பனி ஒரு முக்கியக் காரணம். தீயும் மேய்ச்சலும் அப்புறம். காட்டுப் பூவரசு மட்டும் விதிவிலக்கு, தடித்த பட்டையோடு புல் நடுவே தனியாக நின்று சிவப்பாகப் பூக்கிறது.

ஜனவரி 13
மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, திரும்பிவிட்டேன்.

ஜனவரி 17
இன்று அனுமதியோடு, புல்வெளியில் பரவுகிற சீகை (வாட்டில்) மரக்கன்று பிடுங்கும் ஆட்களோடு போனேன். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் இது, விறகுக்காக வந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அப்படித்தான். புல்வெளியைத் தரிசு என்று நினைத்து நட்டார்கள், வெள்ளைக்காரன் போன பிறகும் நட்டார்கள். வரையாடு மேய்கிற இடம், ஓடைகள் ஊறித் தொடங்குகிற இடம், அதற்குப் பெயர் தரிசாம்! சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் கொத்துக் கொத்தாக முளைக்கும். என் சாண் அளவு நிலத்தில் பதினாலு பிடுங்கினேன்.

எல்லாச் சீகையையும் ஒரேயடியாக வெட்டிவிட வேண்டும் என்றுதான் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தேன். கூட வந்த வயதான வனக் காவலர் ஒன்றும் சொல்லாமல் ஒரு பழைய சீகைத் தோப்புக்குள் கூட்டிப்போய்க் கீழே பார்க்கச் சொன்னார். சோலை மரக் கன்றுகள், திட்டுத் திட்டாக! நிழல் இருப்பதால் பனி விழவில்லை. "புல்லுல புதுசா ஏறி வர்றதப் பிடுங்கு தம்பி. சோலையை ஒட்டிப் பழசா நிக்கிறதை அவசரப்பட்டு வெட்டாதே" என்றார். பதில் பேச வாய் வரவில்லை.

ஜனவரி 21
நாவல் கன்றைப் போய்ப் பார்த்தேன். இலை பாதி உதிர்ந்துவிட்டது. தண்டை நகத்தால் லேசாகக் கீறினேன், உள்ளே பச்சை. கீறியிருக்கக் கூடாதுதான்.